இன்னிக்கு இடி இருக்கா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் என் மழை நோட்டைப் பற்றி (இன்று மழை வருமா வராதா என்று தினமும் எழுதி, மறுநாள் சரிபார்க்கிற நோட்டு) இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வானிலை படித்தவன் இல்லை. திருவள்ளூர் தாண்டி ஒரு செங்கல் சூளையில் இருபத்தாறு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். களத்தில் சுடாத பச்சைக்கல் காய்கிற நேரத்தில் மழை அடித்தால் கல்லும் போச்சு, அறுத்தவர்களுக்குக் கூலியும் போச்சு. அந்தப் பயத்தில் மேகம் பார்க்கத் தொடங்கினேன். பிறகு ரேடார், அதற்குப் பிறகு மாடல் என்று வியாதி முற்றிவிட்டது. ஓய்வு பெற்றும் விடவில்லை. இந்த முறை கோடை இடிமழை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புயல் கேள்விகளை ஐப்பசிக்கு வைத்திருக்கிறேன்.

கே: என் செல்போனில் மே மாதம் முழுக்க, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேகமும் மின்னலும் போட்ட படம் வந்தது. ஒரு சொட்டு விழவில்லை. வடாம் பிழியலாமா வேண்டாமா என்றுகூட முடிவு பண்ண முடியவில்லை. இதை நம்பத்தான் வேண்டுமா?
– இல்லத்தரசி, ஆவடி

ப: அம்மா, அந்தப் படத்தை யாரும் வானத்தைப் பார்த்துப் போடுவதில்லை. ஏதோ ஒரு மாடல் துப்பிய எண்ணை எடுத்து, அதற்கு ஒரு மேகத்தை ஒட்டிவிடுகிறார்கள். மாடல் என்பது பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரம், காற்று எப்படி மாறும் என்று கணக்குப் போடுகிற நிரல். ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கிலோமீட்டர், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் 13 கிலோமீட்டர். சென்ட்ரலில் இருந்து கிண்டி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடிமேகத்தின் அகலமே ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். கட்டத்துக்குள் அது மாடலின் கண்ணுக்குத் தெரியாது. ‘இவ்வளவு வெயில், இவ்வளவு புழுக்கம் இருந்தால் பிற்பகலில் எங்காவது மேகம் கொதித்து எழும்’ என்று ஒரு மதிப்பீடு செய்து, அந்த மழையைக் கட்டம் முழுக்கத் தெளித்துவிடும். ஒரு படி உப்பை ஊர்க் குளத்தில் கரைத்த மாதிரி. அதனால்தான் தினமும் ‘2 மி.மீ. மழை, இடி’ என்று காட்டுகிறது. நிஜத்தில் எங்கோ ஒரு தெருவில் 40 மி.மீ. கொட்டியிருக்கும், மற்ற எல்லாத் தெருவிலும் புழுதி பறந்திருக்கும்.

வடாத்துக்கு என் யோசனை: காலையில் பிழிந்து, மூன்று மணிக்கு எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துக் கோடை இடி பெரும்பாலும் மாலை நாலுக்கு மேல்தான் கண் விழிக்கும்.

கே: ஐயா, நான் தினமும் கேப் மதிப்பு பார்க்கிறேன். போன மாதம் ஒருநாள் 4,000-ஐத் தாண்டியது. நண்பர்களிடம் எல்லாம் ‘இன்றைக்குப் பேய் மழை’ என்று சொன்னேன். வெறும் வெயில். இன்னும் கிண்டல் ஓயவில்லை. எங்கே தப்பு?
– இயற்பியல் மாணவர், காட்பாடி

ப: தம்பி, இந்தக் கிண்டலை நான் களத்தில் நாற்பது பேர் முன்னால் வாங்கியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேப் தெரியாதவர்களுக்கு: தரையோரக் காற்றை ஒரு கை அள்ளி மேலே தூக்கிவிட்டால், சுற்றியிருக்கும் காற்றைவிட அது சூடாக இருக்கும் வரை தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். அப்படி ஏறுவதற்கு ஒரு கிலோ காற்றுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் கிடைக்கும் என்பதுதான் அந்த எண். 1,000 என்றால் சுமார். 2,500-க்கு மேல் பலமான இடிக்குத் தீனி உண்டு. 4,000 என்றால் மிரட்டல்.

ஆனால் அது விறகுதான் தம்பி, தீ இல்லை. எங்கள் சூளையில் கல் அடுக்கி, விறகு திணித்து, எல்லாம் தயாராக இரண்டு நாள்கூடச் சும்மா கிடக்கும். பற்றவைத்தால்தான் சூளை. அதோடு, வானத்தில் விறகின் மேல் ஓர் ஈரச்சாக்கையும் போட்டு மூடி வைத்திருக்கும். ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்கே இருந்து வருகிற சூடான வறண்ட காற்றுதான் அந்தச் சாக்கு. கீழே இருந்து ஏறுகிற காற்று அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மாடலின் இணையப் பக்கத்தில் கேப்புக்குப் பக்கத்திலேயே ‘சின்’ என்று ஒரு எண் இருக்கும். சாக்கு எவ்வளவு கனம் என்று சொல்கிற எண் அது. நாம் யாரும் முதலில் அதைப் பார்ப்பதில்லை. 4,000 என்ற எண்ணைப் பார்த்ததும் நமக்குக் கண் மூடிவிடுகிறது.

மே மாதச் சென்னையில் கேப் பெரிதாக இருப்பது அதிசயமே இல்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது, வெயில் தலைக்கு மேல் நிற்கிறது. மீனம்பாக்கத்தில் காலை 5:30, மாலை 5:30 கணக்குக்கு, உயரக் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிற பலூன் விடுகிறார்கள். அந்த அளவீட்டை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் வரைபடமாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மாதம் தொடர்ந்து பார். 3,000 காட்டிய எத்தனையோ நாள் ஒன்றுமே நடக்காமல் போயிருக்கும்.

அப்புறம் தீக்குச்சி. நம் கடலோரத்துக்குத் தீக்குச்சி கடற்காற்றுதான். மத்தியானம் கரையேறி மெதுவாக உள்ளே வரும். திருவள்ளூருக்கு வந்து சேர மாலை ஐந்து, ஆறு ஆகும். எதிரே மேற்கில் இருந்து அடிக்கிற மேல்காற்று நிற்கும். இரண்டும் மோதுகிற கோட்டில் காற்றுக்குப் போக வழியில்லாமல் மேலே எழும். சாக்கு கிழிகிறதென்றால் அங்கேதான் கிழியும். நகரி மலை, திருத்தணிக் குன்றுகள் பக்கம் முதல் கொத்து எழும்புவதற்குக் காரணம் இதுவும் மலையின் ஏற்றமும் சேர்ந்ததுதான்.

எழும்பிய மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பதை மூன்று கிலோமீட்டர் உயரக் காற்று சொல்லும். மாடலில் காற்றழுத்தத்தை வைத்து 700 என்று போட்ட மட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பெரும்பாலும் மேற்கில் இருந்து அடிப்பதால்தான் சித்தூர், வேலூர்ப் பக்கத்து இடி ராத்திரி சென்னைக்கு வந்து சேர்கிறது. அதே மட்டத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்றும் பார்த்துவிடு. அங்கே காற்று காய்ந்து கிடந்தால், ஏறுகிற மேகத்தின் ஓரத்தை அது தின்றுகொண்டே இருக்கும். கோபுரம் மாதிரி எழுந்த மேகம் கால் மணி நேரத்தில் பஞ்சாகப் பிரிந்துவிடும்.

இன்னொன்று, புத்தகத்தில் முதல் பக்கத்தில் வராதது: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற நாளில் நம் பக்கம் இடி குறைவு. மேல்காற்று ஓங்கி அடித்துக் கடற்காற்றை உள்ளேயே விடாது. அங்கே மழை ஓய்கிற நாட்களில்தான் இங்கே மாலை இடி சூடு பிடிக்கும்.

இப்போது என் கதை. ஒரு மே மாதம், மூன்று நாள் தொடர்ந்து கேப்பைப் பார்த்துவிட்டு ‘மூடுங்க, மூடுங்க’ என்று கத்தினேன். மூன்று நாளும் தார்ப்பாய் போட்டு, காலையில் எடுத்து, கல் காயாமல் கிடந்தது. மேஸ்திரி என் முகத்துக்கு நேராகவே, ‘பிள்ளை, உங்க கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?’ என்றார். நாலாம் நாள் கேப் 1,800-தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறே முக்காலுக்கு வடமேற்கில் இருந்து வந்தது. முதலில் மண் புழுதி, அப்புறம் காற்று, அப்புறம் ஒவ்வொரு துளியும் புளியங்கொட்டை அளவு. அன்று காலையில் அறுத்துப் போட்டிருந்த கல் முழுக்க அம்மைத் தழும்பு. முந்தின நாள் கல் ஓரம் கரைந்து, விபூதி உருண்டை மாதிரி ஆகிவிட்டது. அந்த நாலு நாளையும் நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். நாலாம் நாள் விறகு பாதிதான். ஆனால் சாக்கு இல்லை, தீக்குச்சி நேரத்துக்கு வந்தது.

கே: தாம்பரத்தில் முழங்கால் தண்ணீர், குரோம்பேட்டையில் ரோடு காய்கிறது. கடவுளுக்கே பாரபட்சமா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், குரோம்பேட்டை

ப: மேகத்தின் ஓரம் எங்கேயாவது முடியத்தானே வேண்டும் ஐயா! இந்தத் தடவை உங்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் முடிந்திருக்கிறது. தாம்பரத்துக்காரர் ஒருவர் இதே கேள்வியைத் தலைகீழாக அனுப்பியிருக்கிறார். அதையும் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கே: ரேடார் படத்தில் சிவப்பு தெரிந்தால் மழை என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகிற தொழில், கேமரா நனைந்தால் கஷ்டம்.
– ஸ்டுடியோ உரிமையாளர், காஞ்சிபுரம்

ப: தொழிலுக்காகக் கேட்கிறீர்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடார் 2002-இல் இருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் இன்னொன்று 2022 ஜனவரியில் வந்தது. படத்தைத் திறந்ததும் முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஓரத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 12:10 என்று போட்டிருந்தால் நம்மூரில் மாலை 5:40. மூன்று மணி நேரம் பழைய படத்தைப் பார்த்துக் குடை எடுத்தவர்களையும் தெரியும், எடுக்காமல் நனைந்தவர்களையும் தெரியும். இரண்டாவது கூட்டத்தில் நானும் உண்டு.

அடுத்தது நகர்வு. ஒரு படம் போதாது. பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று படமாவது வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் சிவப்பின் நடுப்புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேலை வைத்து அளந்து ஆறால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். நான் முதலில் கணினித் திரையில் கண்ணாடித்தாளை ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைப்பேன். இப்போது கண்ணே பழகிவிட்டது. நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் டிபிஇசட், ரேடாருக்குத் திரும்பி வருகிற எதிரொலியின் பலம். அது 50-ஐத் தாண்டினால் கனமழை, 55, 60 என்று போனால் ஆலங்கட்டியும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வேன். நம் சமவெளியில் அது தரைக்கு வருவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். கோடையில் உறைநிலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சூடான காற்றுக்குள் விழுந்து வர வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரியில் தரையே உயரம் என்பதால் அவர்களுக்கு ஆலங்கட்டி கொஞ்சம் மிஞ்சுகிறது.

மூன்றாவதுதான் நான் பல வருஷம் கவனிக்காமல் ஏமாந்தது. ஒரு ஜூன் மாலை. ஐந்து நாற்பதுக்குத் திருத்தணிக்கு மேற்கே ஒரு பச்சைப் பொட்டு. ஆறு மணிக்கு அதன் நடுவில் சிவப்பு. நகர்வு மணிக்கு முப்பது கிலோமீட்டர், எங்கள் களம் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. ஏழேகாலுக்குத்தான் வரும், டீ குடித்துவிட்டு மூடலாம் என்று ஆட்களிடம் சொன்னேன். ஆறு இருபதுக்கு ஒட்டியிருந்த சட்டை திடீரென்று பறந்தது. காற்று திசை மாறிக் குளிர்ந்துவிட்டது. ஆறு முப்பத்தைந்துக்குத் தலைக்கு நேர் மேலே, ரேடாரில் அதுவரை இல்லாத இடத்தில், மேகம் வெடித்தது. டீ கிளாஸ் கையிலேயே நிறைந்தது.

பிறகு பழைய படங்களை எடுத்து உற்றுப் பார்த்தேன். அந்தச் சிவப்புக்கு முன்னால் தலைமுடி அளவில் ஒரு வளைந்த கோடு வெளிர் நீலத்தில் ஓடி வந்திருக்கிறது. மழை விழும்போது கூடவே இறங்குகிற குளிர்காற்று தரையில் பட்டு நாலா பக்கமும் ஓடும். அதன் முனைதான் அந்தக் கோடு. அது போகிற வழியில் இருக்கிற சூடான காற்றைத் தூக்கிவிட்டுப் புது மேகத்தைப் பிறப்பிக்கும். கடற்காற்றின் முனையும் சில நாள் இதே போல மெல்லிய கோடாகத் தெரியும். இந்த இரண்டு கோடுகள் சந்திக்கப்போகிற இடம் தெரிந்துவிட்டால், உங்கள் கேமரா அங்கே இருக்கக் கூடாது. சிவப்பு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி.

கே: ஜூன் கடைசி ஞாயிறு மகள் வரவேற்பு, மொட்டைமாடியில் ஷாமியானா. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மழை வருமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?
– பெண்ணைப் பெற்றவர், போரூர்

ப: வாழ்த்துகள் சம்பந்தி! (எல்லாக் கல்யாணக் கடிதத்துக்கும் நான் சம்பந்திதான்.) மூன்று மாதம் முன்னால் அந்த ஒரு மாலையைச் சொல்கிறேன் என்று யார் சொன்னாலும் ஜாதகம் பார்ப்பவரிடமே போய்விடுங்கள், அவராவது பொருத்தமும் பார்ப்பார்.

பத்து நாள் இருக்கும்போது எனக்கு எழுதுங்கள். அப்போதும் மேல்காற்று பலமா, அந்த வாரம் ஈரம் உண்டா என்ற அளவுக்குத்தான் சொல்வேன். ஐரோப்பிய மையம் ஒரே மாடலைத் தொடக்க நிலையில் சின்னச் சின்ன மாற்றம் செய்து 51 தடவை ஓட்டுகிறது. அமெரிக்க மையம் 31 தடவை. நாலைந்து நாள் முன்னால் அந்த ஓட்டங்களில் பாதிக்கு மேல் சாயங்கால மழை காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதல் நாள் ஏறக்குறைய தெரியும். அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் ரேடார்தான்.

ஆனால் சமையல்காரருக்கு மூன்று மணிக்குச் சொல்லி என்ன பயன்? ஜூன் மாலை, அதுவும் மேற்குச் சென்னை. 2023 ஜூன் 18 இரவு தொடங்கிய இடிமழையில் மறுநாள் சென்னையிலும் எங்கள் மாவட்டத்திலும் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டார்கள். 1996 ஜூனில் மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் பெய்தது. மழையைவிட எனக்கு ஷாமியானாதான் பயம். இடிமேகத்தின் காற்று துணியைத் தூக்கினால் கம்பும் கூடவே வரும். கீழே ஒரு ஹாலைப் பிடித்துவிடுங்கள். மாடியில் ஐஸ்கிரீம் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கே: போன வாரம் நீங்கள் சொன்ன மழை வரவே இல்லை. படித்தவர்கள் பார்க்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் செங்கல் கணக்கைப் பார்க்கலாமே?
– பெயர் வேண்டாம், அம்பத்தூர்

ப: வரவில்லை, உண்மை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். என் நோட்டில் முன்கூட்டியே எழுதாமல் எந்த நாளும் விடிவதில்லை. மதியம் ஒரு மணிக்கு ‘வரும்’ அல்லது ‘வராது’, பக்கத்தில் காரணம் ஒரு வரி. மறுநாள் காலை 8:30-க்கு மழைமானியைப் பார்த்துச் சரி, தப்பு. மழைநாள் கணக்கு 8:30-க்குத்தான் முடிகிறது என்பதால் நானும் அதே நேரம். பத்துக்கு ஆறு சரியாக வந்தால் அன்று எனக்குக் காபி இன்னும் கொஞ்சம் ருசி.

படித்தவர்களுக்கும் இந்த வானம் சலுகை காட்டுவதில்லை. 2021 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? காலையில் எந்த மாடலும் அந்த அளவைக் காட்டவில்லை. மதியத்துக்கு மேல் தொடங்கி, மயிலாப்பூர்ப் பக்கம் 20 செ.மீ.க்கு மேல் கொட்டி, நகரமே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வேலை தெரியாமல் நடந்ததில்லை அது. அந்த அளவு மேகத்தை அந்தக் கட்டத்துக்குள் பிடிக்க முடியவில்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ‘எச்சரிக்கை’ என்ற சொல்லை நான் எழுத மாட்டேன். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் வானிலை ஆய்வு மையம் கொடுக்க வேண்டியது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டத்தில் இடி என்று அவர்கள் விடுகிற அறிவிப்பைத்தான் நானும் பார்க்கிறேன். ‘பேய்மழை, பகிருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் பெயரைப் போட்டு ஒன்று சுற்றியது, அதைப் படித்துவிட்டு என் அக்காவே எனக்குப் போன் பண்ணி மாடியில் துணி எடுக்கச் சொன்னாள்.

கே: நான் இருப்பது டெக்சாஸ், டல்லாஸ் பக்கம். இங்கே கேப் 2,500 இருந்தாலே சைரன் ஊதுகிறார்கள், காரைக் கூரைக்கு அடியில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஊரில் அம்மா 3,500 இருக்கிற நாளில் மொட்டைமாடியில் படுத்துத் தூங்குகிறார். ஏன் இந்த வித்தியாசம்?
– மென்பொருள் பொறியாளர், சொந்த ஊர் அரக்கோணம்

ப: அரக்கோணமா? நம் பேட்டைதான்.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் தரையில் தெற்கில் இருந்து மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று, ஆறு கிலோமீட்டர் மேலே மேற்கில் இருந்து வேகமான காற்று. உயரம் ஏற ஏறத் திசையும் வேகமும் மாறுவதால் ஏறுகிற மேகம் சாய்ந்து, சுழலத் தொடங்கும். மழை ஒரு பக்கம் விழும், மேலேறுகிற காற்று இன்னொரு பக்கம் ஏறும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. அதனால் மணிக்கணக்கில் நிற்கும். சூப்பர்செல் என்று நீங்கள் கேட்டிருப்பது இதைத்தான். டொர்னாடோவும் எலுமிச்சை அளவு ஆலங்கட்டியும் அதில் இருந்து வருகிறவை.

உயரத்துக்கு உயரம் காற்று இப்படி மாறுவதைக் கத்தரிப்பு என்பார்கள். நம் ஊர்க் கோடையில் அது பெரும்பாலும் சொற்பம். மேகம் நேராக எழும். விழுகிற மழை அதன் தொண்டையிலேயே விழும். அரை மணி, முக்கால் மணியில் தன் மழையில் தானே அணைந்துவிடும். அதற்குள் மரத்தைச் சாய்க்கும், கரண்ட் கம்பத்தை இழுக்கும், அது வேறு.

உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. எச்ஆர்ஆர்ஆர் என்று 3 கிலோமீட்டர் கட்டத்தில் ஒவ்வொரு மணி நேரமும் ஓடுகிற மாடல். நம்மூர்ப் பைத்தியங்கள் அதைப் பார்த்து ஏங்குவோம். ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் கணிப்பு மையம் ஐந்து படியாகப் பிரித்து முன்னறிவிப்புத் தருகிறது. 2.5 செ.மீ. ஆலங்கட்டி, மணிக்கு 93 கி.மீ. காற்று அல்லது டொர்னாடோ என்றால்தான் அவர்கள் அகராதியில் ‘கடும்’ இடிமழை. அங்கே சைரன் ஊதினால் என் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காமல் உள்ளே போங்கள். அம்மாவிடம், மின்னல் தெரிந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

கே: மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணினால் தூரம் தெரியும் என்று எங்கள் மிஸ் சொன்னார்கள். எவ்வளவு எண்ணினால் பயப்பட வேண்டாம்?
– ஏழாம் வகுப்பு மாணவி, ஊத்துக்கோட்டை

ப: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர், கண்ணு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் ஓடிவிடு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதே. மரத்தடி வேண்டாம், பனைமரம் வேண்டவே வேண்டாம். தகரக் கொட்டகையில் பக்கச் சுவர் இல்லையென்றால் அதுவும் வேண்டாம். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள், பாதிக் கதை வயலிலும் மரத்தடியிலும்தான். புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்று ஒரு செயலி விட்டிருக்கிறது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் சொல்லும். அப்பா போனில் போடச் சொல். எங்கள் களத்தில் அதன் சத்தம் கேட்டால் மேஸ்திரிகூட என்னைக் கிண்டல் பண்ணியதில்லை.

கே: ஏஐ வந்துவிட்டதே, இனி உங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலை உண்டா?
– வாசகர், திருநின்றவூர்

ப: எனக்கு ஏற்கெனவே சம்பளம் கிடையாது, அதனால் பயமில்லை. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் இருந்து ஓர் ஏஐ மாடலை முறையாக ஓட்டுகிறது. புயல் எங்கே போகும் என்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஆனால் அதன் கட்டம் சுமார் 30 கிலோமீட்டர். பழைய வானிலையைப் படித்துப் படித்துச் சராசரியாகப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை. இடியைக் கேட்டால் மாவட்டம் முழுக்கப் பன்னீர் தெளிக்கிறது. எனக்கு அதைவிட, 2025 மே மாதம் நம் நாடு தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை மேல்தான் ஆர்வம். கட்டம் 6 கிலோமீட்டர். இடிமேகத்தைப் பிடிக்க இன்னும் பொடியாக வேண்டும் என்றாலும், உலகம் முழுவதற்கும் அந்த அளவில் ஓட்டுவது சின்ன விஷயமில்லை.

கே: ஈசல் பறந்தால் மழை, எறும்பு திட்டை ஏறினால் மழை என்று எங்கள் அப்பா சொல்வார். மாடல் பெரிதா, எறும்பு பெரிதா?
– விவசாயி, உத்திரமேரூர்

ப: எறும்புக்கு நோட்டு போட்டுப் பார்த்தேன் அண்ணே. அது புழுக்கத்துக்கு ஏறுகிறது, சரி. ஆனால் புழுக்கம் எல்லா நாளும் இருக்கிறதே! ஈசலை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஒரு மழை பெய்து மண் ஊறின பிறகுதான். உங்கள் அப்பா இன்னொன்றும் சொல்லியிருப்பார், பகல் முழுக்க அடித்த மேல்காற்று சட்டென்று நின்றால் கட்டிலை உள்ளே போடு என்று. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பேன். கடற்காற்றின் முனை வந்து நிற்கிற நேரம் அது.

கே: ஐரோப்பிய மாடலா, அமெரிக்க மாடலா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– கடைக்காரர், பூந்தமல்லி

ப: ‘இரண்டும்.’ புயல், தாழ்வு மண்டலத்துக்கு ஐரோப்பியத்துக்குத்தான் என் ஓட்டு. மாலை இடிக்கு இரண்டையும் பார்த்து, இரண்டும் ஒரே பக்கம் கையைக் காட்டினால் மட்டும் நம்புவேன். ஐரோப்பியத்தின் மாலை ஓட்டம் நமக்கு வந்து சேர நள்ளிரவு ஆகும். ‘அது வந்துடுச்சா, தூங்கலாமா?’ என்று உள்ளே இருந்து குரல் வரும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், மாடல் பெயர் எல்லாம் அவளுக்கும் அத்துப்படி.

கே: உங்கள் கட்டுரையைப் படித்ததும் ஒரு சந்தேகம். சூளைக்காரர் நீங்கள், மழை வரக் கூடாது. மழைப் பைத்தியமும் நீங்கள்தான், மழை வர வேண்டும். ரேடாரில் சிவப்பு தெரிந்தால் உங்களுக்குச் சந்தோஷமா, துக்கமா?
– ஆசிரியை, கும்மிடிப்பூண்டி

ப: டீச்சர், இருபத்தாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. முதலாளி கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

நகரிப் பக்கம் சிவப்பு விழுந்ததும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். ‘சொன்னேன் இல்லையா’ என்கிற துள்ளல். அடுத்த நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். விழுப்புரம் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து தங்கி அறுக்கிறவர்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்து, வெயில் ஏறுவதற்குள் அறுத்துப் போட்டிருப்பார்கள். வரிசை வரிசையாக, தரையில் கோடு போட்ட மாதிரி. துள்ளல் அங்கேயே அடங்கிவிடும். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிப்பேன். மறுமுனை எப்போதும் மேஸ்திரிதான். காற்று உள்ளே புகுந்து அது பாய்மரம் மாதிரி எழும்பும். கல்லைத் தூக்கி ஓரத்தில் வைக்க வைக்க இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில், மழை வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்:

‘பிள்ளை, இது உங்க நோட்டுல இருக்கா?’